ஆற்றடியில் மூன்று பேர்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு செப்டெம்பர் மாதம், கனடாவின் மொன்றியலில் நடந்தது இது. நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு சிறிய நிறுவனத்தில் நான் வரைபடம் தயாரிக்கிறேன். நீருக்கடியில் கிடக்கும் பழைய சின்னங்களை அளந்து, எப்படிப் பாதுகாக்கலாம் என்று அறிக்கை கொடுப்பது எங்கள் தொழில்.

அந்த முறை எங்களிடம் வந்தது, வடக்கே ஓர் ஆற்றில் மூழ்கிக் கிடந்த இரண்டாம் உலகப் போர்க்கால விமானம். படகுகள் அதன்மேல் நங்கூரம் போடாமலிருக்கச் சுற்றிலும் மிதவைகள் கட்ட வேண்டும். மிதவைகளைப் பிடித்து நிறுத்தும் கொங்கிரீட் கட்டைகளை எங்கே இறக்குவது என்று குறித்தவள் நான். அறிக்கையில் இறந்தவர்கள் என்ற இடத்தில், இராணுவக் கோப்பில் இருந்தபடி விமானிகள் இருவர் என்று எழுதினேன். கரையில் வாழும் பூர்வகுடி மக்களின் கருத்தையும் சேர்க்க வேண்டும். ஜூலையில் அவர்களுடைய நிர்வாகத்துக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஆட்சேபனை இல்லை என்று நிரப்பிவிட்டேன்.

அறிக்கை போக இரண்டு நாள் இருக்கும்போது ஒரு பெண் அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த ஆற்றில் மீன் பிடிப்பவர். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வந்திருந்தார். கோடையில் எல்லோரும் மீன்பிடி முகாம்களில் இருப்போம், பிரெஞ்சு வாசிக்கிறவர்களும் எங்களிடம் இல்லை என்று ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். வரைபடத்தை விரித்தேன். ஒரு கட்டைக்கு நான் போட்டிருந்த குறியின் மேல் விரலை வைத்தார்.

விமானம் விழுந்த அன்று, உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்ற அவருடைய ஆட்கள் மூவர் சிறு வள்ளத்தில் போயிருக்கிறார்கள். வள்ளம் அந்த இடத்தில் கவிழ்ந்தது. உடல்கள் கிடைக்கவில்லை. இன்றும் அங்கே யாரும் வலை போடுவதில்லையாம்.

“கோப்பில் அப்படி ஒன்றும் இல்லையே” என்றேன்.

“கோப்பு எழுதினவர்கள் எங்களிடம் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை, கடிதம்தான் போட்டீர்கள்” என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அன்று மாலை மெட்ரோ பிடித்து லவாலில் இருக்கும் அக்காவிடம் போய், கடைசி நேரத்தில் வந்து என் வேலையைக் குழப்புகிறார் என்று குறைப்பட்டேன். அக்கா முழுவதையும் கேட்டார்.

“அண்ணையின்ர வள்ளம் தாண்ட இடத்தில ஆரும் கல்லிறக்கினா நீ பாத்துக்கொண்டு இருப்பியோ?”

எங்கள் அண்ணன் இலங்கையில் போர்க்காலத்தில் வள்ளம் மூழ்கி மன்னார்க் கடலோடு போனவர். எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அண்ணன் என் நினைவுக்கே வரவில்லை.

“இல்லை அக்கா” என்றேன்.

“அப்ப நாளைக்குப் போய்ச் சொல்லு.”

மறுநாள், விசாரிக்காமலே எழுதிவிட்டேன் என்று மேலாளரிடம் ஒப்புக்கொண்டேன். நல்ல ஏச்சு விழுந்தது. அறிக்கை எட்டு மாதம் தள்ளிப்போனது. பனி கரைந்ததும் அந்த ஊருக்குப் போனோம். கட்டைகளின் இடத்தை அவர்களே தீர்மானித்தார்கள். மீன் முட்டையிடும் காலத்தில் நீருக்கடியில் அளக்கும் சுழியோடிகள் இறங்கக்கூடாது என்றார்கள். மிதவைகளின் பராமரிப்பும் இப்போது அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. வள்ளத்தில் போன மூவரின் பெயர்களையும் அந்தப் பெண் எழுத்து எழுத்தாகச் சொல்ல நான் அறிக்கையில் பதிந்தேன். இரண்டு தடவை பிழைவிட்டேன், பொறுமையாகத் திருத்தினார்.

கடலோரத்தில் பிறந்து, கடலுக்கு ஒருவரைக் கொடுத்த எனக்கே நீருக்கடியில் யாருடைய ஆட்களும் கிடக்கலாம் என்பதை முன்பின் தெரியாத ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை, போகாமலிருப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.