ஓட்டை விழுந்த வெண்டைக்காய்

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் ஏன் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். என் மகள் பச்சை வெண்டைக்காய் தின்றாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இப்போது நன்றாக இருக்கிறாள் — அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 

மறுநாள் கணக்குப் பரீட்சை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்று சொல்லாத அம்மா யார்? நானும் சொல்லியிருக்கிறேன். எட்டாவது படிக்கிறவள், வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தோட்டத்தில் பிஞ்சாகப் பார்த்துப் பறித்து, நின்ற இடத்திலேயே கடித்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி, வியர்வை, தலைசுற்றல்...

தோட்டம் பக்கத்து வீட்டுச் செல்வத்துடையது. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. விற்காமல் கிடக்கும் மனைகளில், மனை உரிமையாளரிடம் கேட்டு, அவரும் மனைவி கலாவும் காய்கறி போட்டு அக்கம்பக்கத்தில் விற்கிறார்கள்; கத்திரி கலா பொறுப்பு, வெண்டை அவர் பொறுப்பு. அன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் வெண்டைக்கு மருந்து அடித்திருந்தார்.

"என்ன மருந்து?" — டாக்டரின் முதல் கேள்வி. எனக்கென்ன தெரியும்? கலாவுக்கு போன் போட்டேன். கடைசியில் செல்வமே யூனிஃபார்மோடு வந்து நின்றார். கையில் பாட்டில். ஒளித்திருக்கலாம். கொண்டுவந்தார். டாக்டர் லேபிளைப் படித்துத்தான் சிகிச்சையை முடிவு செய்தார்.

மகள் வீடு திரும்பியதும், சண்டை போடத் தோட்டத்துக்குப் போனேன். கலா எனக்கு முன்பே ஆரம்பித்திருந்தாள்.

"என் கத்திரிய பாரு, உன் வெண்டைய பாரு. நான் மருந்தா அடிச்சிகினு கீறேன்?"

"நீ வூட்ல கீற. நான் ஓவர்டைம் முடிச்சி பஸ்ஸ விட்டு எறங்கசொல்ல இருட்டிடுது. டார்ச் அடிச்சி புழு புடிக்கவா?"

கலா தினமும் கத்திரியை வரிசை வரிசையாகப் பார்க்கிறாள். கொழுந்து வாடினால் உள்ளே துளைத்திருக்கும் புழுவோடு கிள்ளி அழிக்கிறாள். ஓட்டைக் காயைச் செடியில் விடுவதில்லை. ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் பொறியும் தொங்குகிறது. பலன் உண்டு. ஆனால் தினமும் ஆள் வேண்டும். அப்படியும் சில காய்கள் ஓட்டைதான்.

செல்வம் வழி? விசிறிவிட்டு பஸ் ஏறிவிடலாம். காய் பளபள. ஆனால் காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை மருந்து எட்டாது. அதனால் அடிக்கடி அடிக்கிறார். அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று லேபிளில் இருக்கிறது. அவர் பறிப்பதோ வீக்லி ஆஃப் அன்று. ஆஃப் எப்போது என்பது சூப்பர்வைசர் கையில்!

என்னைப் பார்த்ததும் செல்வம் தலை குனிந்தார். "இனிமே அடிக்க மாட்டேன்க்கா. கலா மாரியே பாத்துக்கறோம். ஆனா ஓட்டக் காய நீங்க வாங்குவீங்களா? ஒரு ஓட்ட இருந்தாலே தள்ளி வெப்பீங்களே!"

கடையில் நான் வெண்டை வாங்குவதும் அப்படித்தான். நுனியை ஒடித்து, புரட்டிப் புரட்டிப் பார்த்து... நாம் எல்லோரும் தேடுவது அந்தப் பளபளப்பைத்தானே?

"வாங்கறேன்" என்றேன்.

நேற்று, மருந்து நிறுத்திய பாத்தியிலிருந்து ஒரு பை வந்தது. நறுக்க வெகு நேரமானது. மகள் எட்டிப் பார்த்து அலறினாள்: "அம்மா, புழும்மா!"

இருக்கட்டும். இது கண்ணுக்குத் தெரிகிறதே!