மாப்பிள்ளை முகத்தில் பனங்கட்டி

இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் வாக்ஸ், திரெடிங், கிறீம் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஐயா, உங்கட காலத்தில ஆம்பிளையளுக்குச் சேவிங்கை விட்டா வேற என்ன இருந்தது?"

எல்லாம் இருந்தது. அவ்வளவையும் நான் ஒரே கிழமையில், ஒரே முகத்துக்காகச் செய்து பார்த்தவன். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் இன்றும் என்னைக் கண்டால் கன்னத்தைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார்.

வேலணை வங்களாவடிச் சந்தியில் என் சலூன். இரண்டு கதிரை, ஒரு பெரிய கண்ணாடி, ஒரு வாங்கு, பின்னுக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு சின்னக் குசினி. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம். ஒரு திங்கட்கிழமை காலை சுருவிலிலிருந்து பாக்கியம் அக்கா மகனையும் இழுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். மகன் சிவநேசன் கொழும்பில் கிளாக்கராக இருந்து கலவரத்தில் தப்பி வந்தவர். முகம் முழுக்கத் தாடி. நெஞ்சுவரை தொங்கியது. மூக்கும் கண்ணும்தான் வெளியே தெரிந்தன.

"தம்பி செல்லத்துரை, வாற திங்கள் இவனுக்குக் கலியாணம். தாடியை எடுத்துவிடு."

"அதுக்கென்ன அக்கா, பத்து நிமிச வேலை" என்று சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டத் தொடங்கினேன்.

"பொறு! கத்தி படக்கூடாது."

நான் தீட்டுவதை நிறுத்தினேன். சலூனுக்கு வந்து கத்தி படக்கூடாது என்பது, சாட்டிக் கடலுக்கு வந்து கால் நனையக்கூடாது என்பதுபோல.

கத்தரியும் கத்திதான்

விஷயம் இதுதான். கலவரத்தில் மகனைப் பற்றி ஒன்றரை மாதம் ஒரு தகவலும் இல்லை. பாக்கியம் அக்கா அழுது அழுது ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளை உயிரோடு வந்தால் கதிர்காமத்துக்குக் கூட்டிப்போய் முடி கொடுப்பேன், அதுவரைக்கும் அவன் முகத்தில் கத்தி படாது. பிள்ளை வந்துவிட்டார், அகதிமுகாம் தாடியோடு. ஆனால் தெற்கே இருக்கிற கதிர்காமத்துக்கு எங்கள் ஆட்கள் போகக்கூடிய காலமா அது? தாடி வளர்ந்துகொண்டே போனது.

அதற்குள் நயினாதீவில் பெண் சரிவந்தது. தவமணி ரீச்சர், பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பிப்பவர். அவர் பார்த்தது கலவரத்துக்கு முந்தின படம். மாப்பிள்ளை இப்போது தாடியோடு திரிகிறார் என்று கேள்விப்பட்டதும் ஒரே ஒரு சொல் சொல்லி அனுப்பியிருந்தார். முகம் தெரிய வந்தால்தான் மாலை போடுவேன், தாடியோடு வந்தால் வந்த வள்ளத்திலேயே திரும்பலாம்.

"ஐயரிட்டைக் கேட்டனான். கத்தி படாமல் எடுத்தால் நேர்த்தி பிழைக்காதாம். எடுக்கிற மயிரையெல்லாம் பத்திரமா வைச்சு, பாதை திறந்தாப் பிறகு முருகனுக்குக் குடுக்கட்டாம்." அக்கா மடியிலிருந்து ஒரு பால்மா ரின்னை எடுத்து வைத்தார். மஞ்சள் துணி சுற்றிய ரின்.

"அப்ப கத்தரிக்கோலாலை குறைக்கட்டோ?"

"கத்தரி எண்டால் ரெண்டு கத்தியைப் பிணைச்சதுதானே?"

"மெஷின்?"

"அதின்ரை பல்லெல்லாம் என்ன, பனையோலையே?"

தொழில் தெரிந்த என்னைவிட அக்காவுக்கு ஆயுதங்களைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது.

அக்கா வாங்கில் ரின்னோடு உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்களும் விலகவில்லை. கூடினார்கள்.

நெருப்பும் நூலும்

இவ்வளவு நீளத் தாடியை எந்த வழியில் பிடுங்குவதானாலும் முதலில் குறைக்க வேண்டும். பிள்ளைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் நீளம் என்றால் பிடுங்குகிறவனுக்கும் கரைச்சல், பிடுங்குப்படுகிறவனுக்கும் கரைச்சல். கத்தரி இல்லாமல் குறைக்க ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. ஊதுபத்தி.

கழுத்தைச் சுற்றி ஈரத்துவாயைக் கட்டி, சீப்பால் மயிரைத் தூக்கிப் பிடித்து, சீப்புக்கு மேலே நிற்கிறதை ஊதுபத்தி நெருப்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டேன். சலூன் முழுக்கச் சந்தன வாசமும் சுட்ட கோழி வாசமும். இந்த வேலையை ஒருவரும் செய்யவேண்டாம். நானும் இரண்டாம் தரம் செய்யமாட்டேன்.

"அம்மா, சுடுது!"

"சுட்டால் என்ன, நெருப்புச் சுவாமிக்கு உகந்ததுதானே" என்று அக்கா சாம்பலையும் ரின்னுக்குள் தட்டினார்.

அடுத்தது நூல். நான் கொழும்பில் வேலை பழகிய சலூனில் ஒருவர் வாயில் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நூலை முறுக்கி முறுக்கி, கன்னத்து மயிரை வேரோடு எடுப்பார். பார்க்க வீணை வாசிப்பதுபோல இருக்கும். அவர் எடுத்தது பூனைமயிர். சிவநேசனுடையதோ கயிறு திரிக்கிற தும்பு. இடது கன்னத்தில் நூலை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அவர் போட்ட சத்தத்தில், சந்தியில் புறப்பட்ட குறிகட்டுவான் பஸ் நின்றுவிட்டது. கொண்டக்டர் இறங்கி ஓடிவந்தார்.

"ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை, மாப்பிள்ளைக்கு அலங்காரம்" என்றேன்.

நூல் நாலு தரம் அறுந்தது. மத்தியானத்துக்குள் ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடம் வெளித்தது. இந்தக் கணக்கில் போனால் மாப்பிள்ளைக்கு அறுபதாங் கலியாணத்துக்குத்தான் முகம் தெரியும்.

ஒன்றை அன்றைக்கே கவனித்தேன். வலது கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோனால் சிவநேசன் தலையைத் திருப்புவார். "அந்தப் பக்கம் பேந்து பாப்பம் அண்ணை." நோவுக்குப் பயம் என்று நினைத்தேன். மடையன் நான்.

மணக்கிற பவுடர்

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போய் ஒரு பார்மசியில் மயிர் போக்கும் பவுடர் வாங்கிவந்தேன். கேட்டதும் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடதாசியில் சுற்றித்தான் தந்தார்.

தண்ணீர் விட்டுக் குழைத்தேன். அம்மாளாச்சி! கூழ்முட்டையையும் அழுகின கடற்கரைச் சாதாளையையும் ஒன்றாகப் போட்டு மூன்று நாள் மூடிவைத்த மணம். வாங்கில் இருந்த ஐந்து பேரும் எழும்பி ஓடினார்கள். பாக்கியம் அக்கா மட்டும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரின்னைவிட்டு அசையவில்லை.

நல்லகாலம், முகத்தில் பூசமுதல் சிவநேசனின் முழங்கை உட்பக்கத்தில் கொஞ்சம் பூசிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் தோல் மிளகாய்ப்பழம். பிள்ளைகளே, எந்தப் பவுடரோ கிறீமோ, பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், கையில் பார்க்காமல் முகத்தில் வைக்காதீர்கள். அந்த வாரத்தில் நான் மூளையோடு செய்த ஒரே காரியம் இதுதான்.

பனங்கட்டி

வியாழக்கிழமை. இன்னும் நாலு நாள். அக்காவின் முகம் வாடிவிட்டது. "தம்பி, இந்தக் கலியாணம் குழம்பினால் இவன் தனிச்சுப்போடுவான். கொழும்பாலை வந்த நாள் துவக்கம் ஆரோடையும் கதைபேச்சு இல்லை. இந்தப் பிள்ளையின்ரை படத்தைப் பாத்துத்தான் ஒருக்காச் சிரிச்சவன்."

அதைக் கேட்டபின் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? கொழும்பில் எங்கள் சலூனுக்குப் பக்கத்தில் பெண்களுக்கான கடை ஒன்று இருந்தது. அங்கே சீனியைத் தேசிக்காய்ப் புளியோடு காய்ச்சிப் பசைபோலப் பூசி, இழுத்து மயிர் எடுப்பார்கள். என் மூளை வேலை செய்தது. சீனி எதற்கு? பனை நிற்கிற ஊரில் பனங்கட்டிக்கா பஞ்சம்? தேசிக்காய் எதற்கு? பனையில் கருப்பநீர் இறக்கும் முட்டிக்குள் புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசுகிறார்கள் தானே, அது போதும்.

நாலு ஓலைக் குட்டான் பனங்கட்டியை உடைத்துத் தாச்சியில் போட்டுக் காய்ச்சினேன். பொன்னிறப் பாணி. வாசத்துக்கு எனக்கே வாயூறியது. சூடு ஆறவிட்டு, சிவநேசனைக் கண்ணை மூடச் சொல்லி, வேலை கெதியாக முடியட்டும் என்று இரண்டு கன்னத்திலும் தாடையிலும் ஒன்றாகப் பூசிவிட்டேன்.

பிசின்போல இழுபடும் என்று பார்த்தால், மூன்று நிமிடத்தில் அது கல்லாக இறுகிவிட்டது. நகத்தால் தட்டினேன். டொக் டொக்.

"ம்ம்! ம்ம்ம்!" என்றார் சிவநேசன். வாய் திறக்க ஏலாது.

"ஐயோ, என்ரை பிள்ளையைக் குட்டானுக்கை போட்டுக் கட்டவேண்டியதுதான் மிச்சம்! பாவி!" என்று அக்கா ரின்னாலேயே என் முதுகில் ஒன்று போட்டார்.

முதலில் ஈ வந்தது. பிறகு எறும்பு. பிறகு எங்கிருந்தோ இரண்டு குளவி. நான் துவாயால் குளவியை விரட்ட, யாரோ அவிழ்த்துவிட்ட ஆடு ஒன்று உள்ளே நுழைந்து மாப்பிள்ளையின் தாடையை நக்கத் தொடங்கியது. வாங்கில் இருந்தவர்கள் சிரித்து நிலத்தில் விழுந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெண்குரல்.

"சுருவில் சிவநேசன் எண்டவர் இஞ்சையோ?"

தவமணி ரீச்சர்! யாழ்ப்பாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கப் போனவர், திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தக் கொண்டக்டர் 'மாப்பிள்ளைக்கு அலங்காரம்' கதையைச் சொல்ல, தமையனைப் பொதிகளோடு பஸ்தரிப்பில் நிறுத்திவிட்டு நேரே வந்துவிட்டார். ஆடு நக்குகிற மாப்பிள்ளையை ஒருதரம் பார்த்தார். தாச்சியைப் பார்த்தார். விரலால் பாணியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணை, தேசிக்காய் விட்டனீங்களோ?"

"இல்லை ரீச்சர். சுண்ணாம்புதான் இருக்கெண்டு..."

"சுண்ணாம்பு கண்ட பாணி இறுகும், தேசிப்புளி கண்ட பாணி இழுபடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். சுடுதண்ணியைக் கொண்டு வாங்கோ."

சுடுதண்ணீரில் துவாயைத் தோய்த்து முகத்தில் போட்டேன். பாணி மெல்ல இளகியது. அந்த அவசரத்தில் வலது கன்னத்துக் கட்டி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மயிரோடு சேர்ந்து முழுசாகக் கழன்று வந்தது.

காதடியிலிருந்து வாயோரம் வரை ஒரு வெட்டு. தையல் போட்ட அடையாளம் பூரான் கால்கள்போல இரண்டு பக்கமும்.

சிரிப்பெல்லாம் நின்றது. சிவநேசன் இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டார். பாக்கியம் அக்காவின் கையிலிருந்து ரின் விழுந்தது. ஒரு வருடம் மகனுக்குச் சோறு போட்டவர், அந்தத் தழும்பை அன்றைக்குத்தான் கண்டார்.

"ஏன் ராசா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் தாங்கமாட்டியள் அம்மா. நேர்த்தி எனக்கு வசதியாப் போச்சுது." பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு ரீச்சரிடம் சொன்னார். "கொழும்பிலை, ஆடிக் கலவரத்திலை. உடைச்ச போத்திலாலை. உமக்கு முதலே சொல்லியிருக்கவேணும். வேண்டாமெண்டால் நான் கோவிக்கமாட்டன்."

ஒரு கலியாணத்தை நான் கையாலேயே பிய்த்து எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ரீச்சர் கிட்ட வந்தார். "தாடிக்குள்ளை ஏதோ பெரிய நோய் வருத்தத்தை ஒளிச்சு வைச்சிருக்கினம் எண்டு ஊரிலை கதை. அதுக்குத்தான் முகத்தைக் காட்டச் சொன்னனான். இது வருத்தமில்லையே. ஆறின காயம். கையை எடுங்கோ, எறும்பு கடிக்கப்போகுது."

சிவநேசன் கையை எடுத்தார். அக்கா விக்கி விக்கி அழுதபடி சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது, பவுடர் மணம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"அப்ப தாடி இருக்கட்டோ?" என்று மெல்லக் கேட்டார் மாப்பிள்ளை.

"ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் பற்றையோ? விடேலாது. அண்ணை, சீனி ஒரு றாத்தலும் ரெண்டு தேசிக்காயும் எடுப்பியுங்கோ."

பிறகு என் குசினியில் ரீச்சர்தான் ராசா. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் கம்பியாக இழுத்துப் பதம் பார்த்து இறக்கித் தந்தார். சின்னச் சின்னத் துண்டாகப் பூசினேன். தோலை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மயிர் போகிற பக்கமாக ஒரே இழுப்பு. தழும்புக்குக் கிட்ட மட்டும் பாணி வேண்டாம் என்று சிமிட்டாவால் நுள்ளி ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒவ்வொரு இழுப்புக்கும் மாப்பிள்ளை "முருகா!" என்றார். "பாத்தியளோ, நேர்த்தி தானாப் போய்ச் சேருது" என்றார் ரீச்சர். பொழுதுபடமுதல் முகம் முழுக்க வெளித்தது. படிக்காரம் தடவி அனுப்பினேன்.

படம்

திங்கட்கிழமை நயினாதீவுக் கலியாணத்துக்கு எனக்கும் சொல்லியிருந்தார்கள், போயிருந்தேன். தாலி கட்டி முடிந்தபின், படம் பிடிக்க வந்தவர் மாப்பிள்ளையின் நாடியைப் பிடித்து இடது பக்கம் தெரியத் திருப்பினார். "இப்பிடி இருங்கோ, அந்தப் பக்கம் தெரியாது."

சிவநேசன் கீழ்ப்படிந்து அப்படியே இருந்தார். தவமணி ரீச்சர் மாலையோடு கையை நீட்டி, அவர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டார்.

"இந்தப் பக்கம் எடுங்கோ. இதுக்குத்தான் நாலு நாள் பாடுபட்டது."

நூலோ பவுடரோ பாணியோ, வழி எதுவானாலும் பழகிவிடலாம், பிள்ளைகளே. கதிரையில் வந்து இருக்கிறவரிடம் எப்படி எடுக்கட்டும் என்று கேட்கமுதல், இது ஏன் வளர்ந்தது என்று ஒருதரம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வலது கன்னத்துக் கட்டியை மறந்தும் வெடுக்கென்று இழுத்திருக்கமாட்டேன். அந்தப் படத்தின் ஒரு பிரதி என் சலூன் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. யாராவது தாடியோடு வந்து குந்தினால், முதலில் அதைத்தான் காட்டுவேன்.