வாரேன் மேடம்

பட்டியலில் பெயர் இருந்தால் உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் விடக் கூடாது. என் வேலை இவ்வளவுதான். வசதியில்லாத பெண்களைக் கல்லூரியில் படிக்கவைக்கும் ஓர் அறக்கட்டளையின் தென்காசிக் கிளையில், ஆன்லைன் கூட்டங்களுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். கிளை என்றால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் ஒரே அறை. அதில் நான், ஒரு லேப்டாப், அலுவலகத்துக்கென்று ஒரு செல்போன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா பீடி சுற்றுகிறாள். அப்பா சுரண்டை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். வேலை கிடைத்தபோது, கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் வெளியே காத்திருப்பார்கள், நான் பெயரைப் பார்த்து உள்ளே விடுவேன் என்று அம்மாவுக்கு விளக்கினேன். அவள் அதை அப்படியே தெருவில் சொல்லிவிட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டு மதினி என்னை நிறுத்தி, "ஏட்டி, எம்.காம். படிச்சிட்டு வாச்சுமேன் வேலையா பாக்குத?" என்று கேட்டாள்.

"வாச்சுமேன் கேட்டைத்தான் பாப்பான் மதினி. நான் ஆளைப் பாக்குதேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்தப் பதிலில் எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது.

ஆளைப் பார்ப்பதில் நான் ஒருமுறை தவறியும் இருக்கிறேன். கோடையில் ஒரு வகுப்பின்போது வெறும் 'யூசர்' என்ற பெயரில் காத்திருந்த ஒருவனை, யாரோ மாணவி என்று நினைத்து உள்ளே விட்டேன். நாற்பது பெண்கள் இருந்த வகுப்பில் அவன் கெட்ட வார்த்தைகளாகக் கத்தினான். நான் அவனை வெளியேற்றுவதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. அதன் பிறகு சென்னையில் இருக்கும் எங்கள் மேலாளர், நான் மேடம் என்று அழைப்பவர், விதிகளை இறுக்கினார். அடையாளம் தெரியாத யாரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெளியே காத்திருக்கவே கூடாது. வெளியேற்றப்பட்டவர் அதே போனில் திரும்ப வர முடியாதபடி பூட்டும் போட்டார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் என்று தொடங்கி, அவர் முடிக்காமல் விட்டார். நடக்காது மேடம் என்றேன்.

ஆனி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் உதவித்தொகைக்கான நேர்முகத் தேர்வு நடந்தது. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்குப் பதினைந்து நிமிடம். தேர்வாளர்கள் திரைக்குள் ஒரு தனி அறையில் இருப்பார்கள். நான் பெண்களை ஒவ்வொருவராக அங்கே அனுப்ப வேண்டும். உள்ளே பேசுவது எனக்குக் கேட்காது. ஒரு மணிக்கு அவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

ஐந்தாவதாக வர வேண்டியவள், குற்றாலம் ஐந்தருவியில் சிப்ஸ் கடை வைத்திருப்பவரின் மகள். அவள் விண்ணப்பத்தைச் சரிபார்த்தது நான்தான். அவள் வீட்டிலும் அவள்தான் முதல். உதவித்தொகை கிடைத்தால் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிப்பேன், கிடைக்காவிட்டால் அப்பாவோடு கடையில் நிற்பேன் என்று அவளே எழுதியிருந்தாள்.

அவள் முறை வந்தபோது அவள் பெயர் வரவில்லை. 'சீசன் சிப்ஸ்' என்று ஒரு பெயர் வெளியே காத்திருந்தது. அவள் அப்பாவின் கடைப் போனாக இருக்கும் என்று தெரிந்தது. ஆனால் 'யூசர்' விஷயத்திலும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பட்டியலில் உள்ள பெயருடன் வரவும் என்று செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அடுத்தவர் எங்கே என்று உள்ளிருந்து செய்தி அனுப்பிக் கேட்டார்கள். அப்புறம் ஆங்கில எழுத்தில் தமிழாக ஒரு பதில் வந்தது: மழை மேடம், டவர் இல்ல. வாரேன் மேடம்.

எங்கள் பக்கம் வாசல் தாண்டும் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். அப்பாவைக் குடலிறக்க ஆபரேஷனுக்கு ஆட்டோவில் ஏற்றியபோது, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னதும் வாரேன் என்பதுதான். சின்ன வயதில் நான் ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போறேன் என்று கத்திவிட்டு ஓட, அம்மா பீடித்தட்டை இறக்கிவைத்துவிட்டு வந்து தலையில் குட்டினாள். அதனால் அந்தச் செய்தியை நான் விடைபெறுவதாகத்தான் வாசித்தேன். மழை, டவர் இல்லை, கிளம்புகிறேன். எனக்குக் கோபம்கூட வந்தது. நானாக இருந்தால் மரத்தில் ஏறியாவது பேசியிருப்பேன் என்று நினைத்தபடி அவளை வெளியேற்றினேன். அறிக்கையில் 'தானாக விலகினார்' என்று எழுதிவிட்டு ஆறாவது பெண்ணை அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அலுவலகப் போன் அடித்தது. பின்னால் மழை இரைச்சல்.

"மேடம், என்னைய வெளிய போட்டுட்டீய."

நீதானே வாரேன் என்றாய் என்று கேட்டேன்.

"ஆமா மேடம். பக்கத்து லாட்ஜ் மாடில டவர் கெடைக்கும், ஏறி வாரேன்னு சொன்னேன். பேரையும் மாத்திட்டேன். இப்ப உள்ளயே விட மாட்டேங்குது."

நான் எழுதிய அறிக்கையைச் சென்னையில் மேடமும் பார்த்திருப்பார். அதை அப்படியே விட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பயந்து விலகிய ஒரு பெண், அவ்வளவுதான். "மேடம், லைன்ல இருக்கீயளா?" என்றாள். அங்கனயே இரு, நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டு மேடத்தை அழைத்தேன்.

மேடத்துக்கு முதலில் புரியவே இல்லை. "வரேன்னா வரேன்தானே? இதுல என்ன குழப்பம்?" என்று கேட்டார். அவருக்கு விளக்கத் தொடங்கினேன். என் காதுக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது. நிறுத்திவிட்டு, என் தப்பு மேடம் என்றேன். கடைசியில் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம், அதுவும் வேறு போனில், அவள்தான் என்று நீ உறுதி செய்த பிறகு என்றார்.

நான் கூப்பிட்டுச் சொன்னதும், லாட்ஜ் மேனேஜரின் போனைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு அவள் மாடியிலேயே நின்றாள். ஒவ்வொரு பெண் வெளியே வரும்போதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இப்பவா மேடம் என்று இரண்டு தடவை கேட்டாள். பன்னிரண்டாவது பெண் வெளியே வரவே இல்லை. அந்தப் பெண் திணறி நிறுத்திவிட மாட்டாளா என்றுகூட நினைத்தேன். அதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அவளை உள்ளே அனுப்பினேன். ஒரு மணிக்கு அறை காலியானது.

அவளே கூப்பிட்டாள். "மூணு கேள்வி கேட்டாவ மேடம். நாலாவதுக்கு வாயெடுக்கதுக்குள்ள நேரம் ஆச்சுன்னுட்டாவ. எல்லாருக்கும் மூணுதானா?"

இல்லை என்று சொன்னேன். எதனால் அவளுக்கு நேரம் போனது என்பதையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடையில் கூட்டம் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தேர்வானவர்களின் முதல் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவளுக்குச் சேர வேண்டிய மீதி ஒன்பது நிமிடத்தைக் கொடுக்க வேண்டும் என்று அறக்கட்டளைத் தலைவருக்கு மனு எழுதினேன். அறிக்கையில் இருந்த 'தானாக விலகினார்' என்பதை அடித்துவிட்டு, 'பொறுப்பாளர் தவறாக வெளியேற்றினார்' என்று மாற்றினேன். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, இது உன் ஃபைலில் ஏறும், தெரியும்தானே என்று மேடம் கேட்டார். தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

விடுதியில் இடம் பிடிக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். இன்று செவ்வாய். தலைவரின் பதில் வந்ததா என்று காலையிலிருந்து மூன்று தடவை மின்னஞ்சலைத் திறந்து பார்த்துவிட்டேன். அலுவலகப் போன் அடித்தால், அவளாக இருக்குமோ என்று ஒரு நொடி தயங்கித்தான் எடுக்கிறேன்.