தறி வலி என்று ஊசி போட்ட டாக்டருக்கு

எங்கள் பகுதி டாக்டர் என் அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் ஊசி மட்டும் போட்டார். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னவள் நான். அதனால் இங்கே எழுதவும் எனக்குப் பயமில்லை.

ஆரணியில், தொண்ணூறுகளின் நடுவில் ஆரம்பித்தது இது. அப்பா பட்டு நெய்தவர். எங்கள் தெருவில் தோள் வலிக்காத ஆளே கிடையாது. நாள் முழுக்கக் கயிறு இழுத்து, ஊடு நூல் வைத்த நாடாவை ஓட்டினால் வலிக்கத்தான் செய்யும். தறி வலி என்று நாங்களே அதற்குப் பெயர் வைத்திருந்தோம். உப்பு ஒத்தடம் கொடுப்போம், தைலம் தேய்ப்போம். அதற்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போவோம். அவர் எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார். "கைத்தறியா, பவர்லூமா?" என்றுதான் கேட்பார். கைத்தறி என்று சொன்னால் ஒரு ஊசி, ஒரு களிம்பு. சனங்களும் அதற்குப் பழகிவிட்டார்கள். "தறி ஊசி போடுங்க சார்" என்று கேட்டே போட்டுக்கொண்டு வருவார்கள்.

அப்பாவுக்கு இடது தோளில் வலி வந்தது. கையின் உள்பக்கமாக இறங்கிச் சுண்டுவிரல்வரை இழுத்தது. கயிறு இழுப்பது வலது கை, வலிப்பது இடது கை. அதை அப்பாவே டாக்டரிடம் சொன்னார். இடது கை மட்டும் சும்மாவா இருக்கிறது, தறிப் பலகையைத் தள்ளுகிறதே என்று சொல்லி அவர் ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டார். அப்பாவின் சட்டைப் பையில் பீடிக்கட்டு வெளியே தெரிந்துகொண்டிருந்தது. எத்தனை வருடமாகப் பிடிக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருமல் இல்லாததால் எங்களுக்கும் நெஞ்சைப் பற்றிய நினைப்பே வரவில்லை.

பிறகு விரல்கள் மரத்துப்போயின. இழை அறுந்தால் முடிச்சுப் போட முடியாமல் என்னைக் கூப்பிடுவார். இடது கண் இமையும் தொங்க ஆரம்பித்தது. பக்கத்துத் தறிக்காரர்கள் கிண்டல் செய்தார்கள்.

"யாரைப் பாத்து மாமா கண்ணடிச்சிகினு இருக்கற? அத்தைகிட்ட சொல்லட்டா?"

அப்பாவும் சிரித்தார். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்கள் வைத்தியம் படித்தவர்களில்லை. அதே கண்ணோடுதான் அப்பா டாக்டர் எதிரே போய் உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியில் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர் முதலில் கண்ணைப் பார்த்தார், தோளுக்கு மேலே குழியில் விரலை வைத்து அழுத்தினார், உடனே மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலின் உச்சியில் புற்றுநோய், அது கைக்கும் கண்ணுக்கும் போகும் நரம்புகளைப் பிடித்துவிட்டது என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அப்பா இல்லை.

முன்பே கண்டுபிடித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. வேலூரிலும் அப்படி யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் அது என்ன வியாதி என்றாவது அப்பாவுக்கு நேரத்தோடு தெரிந்திருக்கும். தறி வலி என்று நம்பிக்கொண்டே தினமும் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருக்க மாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்கும் வலி வந்தது. கல்யாணமாகி அதே ஊரில்தான் இருக்கிறேன், நானும் நெய்கிறேன். எனக்கு வலது தோள். கழுத்தோரம் பிடித்து இழுத்து, கையில் மின்சாரம் மாதிரி இறங்கும். இரண்டு வாரம் ஒத்தடம் கொடுத்தேன், போகவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன், இமை தொங்குகிறதா என்று பார்க்க. சும்மா இருக்கும்போதெல்லாம் ஒரு இழையை எடுத்து முடிந்து பார்ப்பேன், விரல் கேட்கிறதா என்று. நான் பீடி பிடித்தவள் இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து அப்பாவின் பீடிப்புகை அடைத்த தறி வீட்டில் வளர்ந்தவள். வந்து சேர்ந்த வீட்டிலும் அதே புகைதான். பெண் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தன. நான் போய்விட்டால் அவர்களை யார் படிக்க வைப்பார்கள் என்ற நினைப்புதான் எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சும்மா பேஜார் பண்ணாத. ஊருக்கே இருக்கற தறி வலிதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்பாவுக்குச் சொன்ன அதே வார்த்தை.

நேராக வேலூருக்கே போயிருக்கலாம். போகவில்லை. வேண்டுமென்றே அந்த டாக்டரிடமே போனேன். என் அப்பாவுக்கு எழுதாத எக்ஸ்ரேவை எனக்கு அவர் கையாலேயே எழுத வைக்க வேண்டும் என்று வீம்பு.

கிளினிக்கில் நல்ல கூட்டம். அவர் தலை நிமிராமல் கைத்தறியா, பவர்லூமா என்று கேட்டார். மார்பு எக்ஸ்ரே எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"தோள் வலிக்கு மார்பு எக்ஸ்ரேவா? நீ டாக்டரா, நான் டாக்டராம்மா?"

"எங்கப்பாவுக்கும் நீங்கதான் சார் டாக்டரு. தறி வலின்னு ஊசி போட்டுகினே இருந்தீங்க. அவரு செத்தது நுரையீரல் புத்துநோயில."

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கூட வந்திருந்த வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார், வாயை மூடிக்கொண்டு வரச் சொல்லி. அது வலிக்கிற கை. உதறிவிட்டேன். எழுதிக் கொடுக்கும்வரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன், பின்னால் இருப்பவர்கள் எல்லாம் காத்திருக்கட்டும் என்றேன். வரிசையிலிருந்து ஒரு அம்மா, "எழுதித்தான் குடுங்களேன் சார், எங்களுக்கும் ஜல்தி ஆவும்" என்றாள். யாரோ சிரித்தார்கள். டாக்டர் சீட்டில் கிறுக்கி என் பக்கம் தள்ளினார்.

படத்தை எடுத்துக்கொண்டு வரும்போது வழியில் நின்று, உறையிலிருந்து உருவி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக எலும்புகள். வெள்ளையாக எது தெரிந்தாலும் அதுதான் கட்டி என்று தோன்றியது. மறுபடி உறைக்குள் போட்டுக்கொண்டு டாக்டரிடமே திரும்பினேன்.

அவர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தார். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்றார். உடனே, "நான்தான் சொன்னேனே, தறி வலின்னு" என்று சிரித்தார்.

எனக்கு வந்த நிம்மதியை அந்தச் சிரிப்பு பிடுங்கிக்கொண்டது. "நீங்க சொல்லல சார், படம் சொல்லுது. இதே வார்த்தையதான் எங்கப்பாகிட்டயும் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தார். ஆனால் அடுத்த வாரம் அவரே என்னை வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கழுத்தைத் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, படம் எடுத்து, கழுத்தெலும்பில் நரம்பு அழுந்துகிறது என்றார்கள். பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இன்று வலி அடங்கியிருக்கிறது, நெய்துகொண்டிருக்கிறேன்.

புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகு தெருவில் பலர் என்னிடம் சொன்னார்கள்: வீணாக ஒரு பெரிய மனிதரை அவமானப்படுத்திவிட்டாய், கடைசியில் அவர் சொன்னதுதானே சரியாகப் போயிற்று என்று. சரியாகப் போகவில்லை. என் தோளையும் அவர் தொடவில்லை. யாருக்கு எது வந்தாலும் ஒரே பதில் சொல்கிறவர், பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சரியாகத்தான் சொல்லியிருப்பார். என் அப்பா அந்தப் பத்தாவது ஆள். நானும் அப்படி ஒரு பத்தாவது ஆளோ என்று பயந்ததற்கு வெட்கப்பட மாட்டேன்.

டாக்டர், இந்தப் பத்திரிகை உங்கள் கிளினிக் பெஞ்சிலும் கிடக்கும், நீங்களும் படிப்பீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். உங்களிடம் ஊசி போட்டுக்கொள்ளும் அத்தனை தறிக்காரர்களும் படிக்கும்படி இதே பக்கத்தில் எழுதுங்கள். கை மரத்து, இமை தொங்கி உங்கள் எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் சட்டையைக் கழற்றச் சொல்ல உங்களை எது தடுத்தது?