தமிழ் போட்ட போன்

மராத்தி ஊரான கட்கியில் எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு டெலிபோன் வந்து சேர்ந்தபோது, என் வீட்டுக்காரருக்குக் காது போய்விட்டிருந்தது. அவர் அப்பாவுக்கும் அப்படித்தானாம். நாற்பத்தைந்து தாண்டினதும் இடது காது, அப்புறம் மெல்ல வலது. கல்யாணப் பேச்சில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன, என்னைக் கேட்டுக்கொண்டா முடிவு செய்தார்கள்.

வலது காதுக்குக் கிட்டே வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். ஆனால் எங்களுக்கும், எங்களோடு பழகித் தமிழ் புரிந்துவிட்ட பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மாவுக்கும் நடுவில் ஒரே சுவர். அவருக்குச் சொல்வதெல்லாம் அந்தம்மாவுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்காகிவிடும். அதனால் முக்கியமான விஷயமென்றால் எழுதிக் காட்டுவேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை ஒரு ஆணியில் குத்தி வைத்திருப்பேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை பார்த்த மனுஷன், வேலூர்ப் பக்கத்தில் எட்டாவது வரை தமிழில் படித்தவர். இங்கிலீஷ் என்றால் எழுத்துக்கூட்டுவார், அதோடு சரி.

எங்களுக்கு ஒரே பெண். இங்கேயே பிறந்தவள். அவள் பேசுகிற தமிழில் பாதி ஹிந்தி, மீதியில் பாதி மராத்தி. "அம்மா, அந்த நீலா டப்பா கஹான் வெச்சே?" என்று கேட்பாள், நீல டப்பா எங்கே என்று. தமிழ் எழுத்தை மே மாத லீவில் அவள் அப்பாதான் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண விஷயத்தில் மட்டும் அவரும் அவளும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. காது கேட்ட காலத்தில் அப்பாவும் பெண்ணும் பேசினால் எனக்கு அந்த இடத்தில் வேலையே இருக்காது.

அந்த ஒட்டுதலில்தான் மண் விழுந்தது. ஆம்பூரிலிருந்து ஒரு வரன். பெண் பார்க்க அவர்கள் ரயிலேறத் தயாராக இருந்த வாரத்தில், ஹைதராபாத்தில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இவர் என்ன பதில் சொல்லுவார்? ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். இவர் அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அப்பா என்னம்மா சொல்றாரு, இன்னும் குஸ்ஸாவா இருக்காரா?" என்றாள், குஸ்ஸா என்றால் கோபம். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "என்னைப் பத்திக் கேட்டாளா? செத்துட்டாருன்னு சொல்லு," என்றார். நான் ரிசீவரை அழுத்திப் பொத்திக்கொண்டேன். அப்புறம் கையை எடுத்துவிட்டு, "வேளைக்குச் சாப்பிடறியா கண்ணுன்னு கேக்கறாரு," என்றேன். சாப்பிடறேன் என்றாள். பிறகு, "நான் செஞ்சதுல தப்பே இல்லைன்னு அவர்கிட்ட சொல்லு," என்றாள். போனை வைத்துவிட்டுக் காலண்டர் தாள் எடுத்து நான் எழுதினது இது: "அப்பா என்னை மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றா."

நான் செய்தது பொய்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த ரெண்டு வாக்கியமும் அப்படியே அந்தந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தால் என் வீடு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், மறுபடியும் அதையேதான் செய்வேன். அன்றைக்கு ஆரம்பித்தது ரெண்டு வருஷம் ஓடியது. வாராவாரம் அவர் முறைத்ததை அக்கறையாக மாற்றி அங்கே அனுப்பினேன். அவள் வீம்பைப் பணிவாக மாற்றி இங்கே எழுதினேன். தீபாவளிக்கு அவள் வந்தபோதும் இவர் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அப்போதும் நான்தான் வாய். முறைப்பு மட்டும் மாசத்துக்கு மாசம் குறைந்துகொண்டு வந்தது. என்னால்தான் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை.

ரெண்டாவது வருஷத் தீபாவளிக்கு அவள் ஒரு மொபைல் போன் வாங்கி வந்து அப்பா பக்கத்தில் வைத்தாள். தனக்கும் அதே மாடல்தான் என்றாள். முழுக்க இங்கிலீஷ். இவர் அதில் மணி பார்ப்பார், பாம்பு விளையாட்டு விளையாடுவார். காது கேட்காத மனுஷனுக்குப் போன் வாங்கிக்கொடுத்த புத்திசாலி என்று நான் அவளைக் கிண்டல் செய்ததுண்டு.

கிண்டல் செய்த வாய்க்கு நன்றாக வேண்டும். சில மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அம்மா, அந்த போனுக்கு புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. அதுல தமிழ் இருக்கு. தமிழ்லயே மெசேஜ் எழுதலாம். நான் என்னோடதுல போட்டுட்டேன். அப்பாவோடதுலயும் போட்டா அவரு எனக்கு நேரா எழுதலாம்," என்றாள். ரெண்டு போனிலும் இருந்தால்தான் எழுத்து தெரியுமாம், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வருமாம்.

நேராக என்ற சொல்லைக் கேட்டதும் நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவர் நேராக எழுதினால், நான் எப்போது மன்னிப்புக் கேட்டேன் என்று அவளிடமிருந்து வரும். அவள் நேராக எழுதினால், நான் எப்போது கண்ணு என்றேன் என்று இவரிடமிருந்து வரும். ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே நாளில் என்னைப் பிடிக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒருத்தர் மனசில் இன்னொருத்தரைப் பற்றி ரெண்டு வருஷமாக நான் வைத்திருந்த நல்லதெல்லாம் பொய்யாகிப்போகுமே, அதுதான் பயம். இவரிடம் சொல்லவே இல்லை. அவள் கேட்டபோதெல்லாம் சர்வீஸ் சென்டரில் கூட்டம் என்றேன், மழை என்றேன், கால் வலி என்றேன்.

கடைசியில் யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. பஜாரில் ஒரு மொபைல் கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். பத்து மொழி வரிசையில் கடைசியில் 'தமிழ்' என்று, நம் எழுத்திலேயே. பக்கத்தில் அவர் போனின் படம். கறிகாய்ப் பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து, "தமிழ் வருதாம், கெளம்பு," என்றார். அத்தனை வேகமாக அவர் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

விஷ்ராந்த்வாடியில் பஸ் மாறி விமான் நகர் போனோம். சர்வீஸ் சென்டரில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு மராத்திப் பெண், நம் பெண் வயசுதான் இருக்கும். "பசா காக்கா," என்று நாற்காலியைக் காட்டினாள். நான் இவர் காதில், "உக்காருங்க, காக்கா," என்றேன். அவர்கள் பாஷையில் சித்தப்பா என்று அர்த்தம். முப்பது வருஷமாகியும் எங்கள் வீட்டில் அதற்குச் சிரிப்பு தீரவில்லை. அன்றைக்கு அவர்தான் சிரித்தார், எனக்கு வரவில்லை.

அந்தப் பெண் ஒரு தாளைக் கொடுத்து, புது சாஃப்ட்வேரில் என்னென்ன என்று விரல் வைத்துச் சொன்னாள். எழுத்தைப் பெரிசு பண்ணலாம். மெசேஜ் வந்தால் விளக்கு மினுக்கும். சத்தம் இல்லாமல் போன் நடுங்கும்படி மட்டும் வைக்கலாம். அலாரத்துக்கும் அப்படியே. புதுசாகப் பன்னிரண்டு ரிங்டோன். ரிங்டோனைச் சொல்லும்போது இவரைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள், நல்ல பெண். போனில் இருக்கிற நம்பரெல்லாம் அழிந்துபோகும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருந்ததே ஒரே நம்பர். அது அவருக்கு மனப்பாடம்.

ஒயரை மாட்டினாள். போன் செத்துக் கிடந்தது. கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் கோடு அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அது பாதியில் நின்றுவிட்டால் தேவலையே என்று நான் வேண்டிக்கொண்டேன், பெற்ற தாய் வேண்டுகிற வேண்டுதலா அது. நிற்கவில்லை. திரை வெளுத்தது, மொழி கேட்டது, அந்தப் பெண் கீழே தள்ளித் தள்ளிப் போய் ஒன்றை அமுக்கிப் போனை இவர் கையில் கொடுத்தாள்.

காது கேட்காதவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. "பெயர்கள்," என்று படித்தார். கடை முழுக்கத் திரும்பியது. "செய்திகள். அழைப்புகள். அமைப்புகள். அடேயப்பா." ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே போய், திரும்பி வந்து படித்தார். 'தவறிய அழைப்பு' என்று வந்ததும், "மிஸ்டு காலுக்கு என்ன அழகா பேரு வெச்சிருக்கான் பாரு," என்றார். 'அனுப்பு', 'அழி', 'திரும்பு' என்றெல்லாம் அது அதிகாரம் பண்ணியது. "என்னை நீ வா போன்னு பேசுது," என்றார். "நானும் பேசிப் பாக்கவா?" என்றேன். அது மட்டும் அவருக்கு நன்றாகக் கேட்டது.

பிறகு எழுதிப் பார்த்தார். ஒரு எழுத்துக்கு ஒரே பட்டனை நாலைந்து தடவை அமுக்க வேண்டும். க அமுக்கினார், அப்புறம் ஒகரம் தேடி அமுக்கினார். க-வுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால், 'கொ' என்று தானாகச் சரியாக வந்து உட்கார்ந்தது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "இந்தா, இதைப் பாரேன். நான் க-வைத்தான் முதல்ல அமுக்கினேன். கொம்பு முன்னாடி போகணும்னு இதுக்குத் தெரிஞ்சிருக்கு. எவனோ ஒருத்தன் பொறுமையா உக்காந்து ஒவ்வொரு எழுத்துக்கும் யோசிச்சிருக்கான். நூல் பிசகலை." தொழிலில் அவர் வாயிலிருந்து நூல் பிசகலை என்று வந்தால் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பயத்தையும் மீறி எனக்குமே அந்த முகம் தெரியாத ஆள் மேல் மரியாதை வந்தது. எங்கேயோ ஒரு ஆபீஸில் இருந்துகொண்டு, கட்கியில் எட்டாவது படித்த ஒரு செவிட்டு மனுஷன் இருப்பான் என்று நினைத்துச் செய்த மாதிரிதான் இருந்தது. இன்றைக்கு வரை எத்தனையோ போன் மாற்றிவிட்டோம், என்னென்னவோ வந்துவிட்டது. அந்தக் 'கொ' வந்து உட்கார்ந்ததற்கு ஈடாக நான் இன்னொன்றைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டார். திரையை எட்டிப் பார்த்தேன், கையால் மறைத்துக்கொண்டார். விஷ்ராந்த்வாடியில் இறங்கி நின்றபோதும் கட்டைவிரல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வெங்காயத்தை அரிந்துகொண்டே இருந்தேன். எதற்கு அத்தனை வெங்காயம் என்று எனக்கே தெரியவில்லை.

இனி பொறுக்க முடியாது என்று ஆனபோது ஆணியிலிருந்து ஒரு தாளை உருவினேன். "ரெண்டு வருஷமா நான் ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திச் சொல்லியிருக்கேன். அவ மன்னிப்பே கேக்கலை. நீங்க சொன்னதையும் அவகிட்ட சொல்லலை. திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க, அவளுக்கு எதுவும் எழுதிடாதீங்க." கொண்டுபோய் அவர் முழங்காலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

படித்தார். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதை எழுத ரெண்டு வருஷமாச்சா உனக்கு?" என்றார். "முதல் வாரமே தெரியும். மன்னிச்சுக்கோங்கன்னு நம்ம பாப்பா வாயில வருமா? அந்த வார்த்தையே அவளுக்குத் தெரியாது. சாரிப்பான்னு எழுதியிருந்தா ஒருவேளை நம்பியிருப்பேன்."

அத்தனை வாரம், அத்தனை தாள், ஒன்றில்கூட இது எனக்குத் தோன்றவில்லையே. "தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்டால் கேட்கட்டும்.

"நீ எழுதினதைப் படிக்க நல்லா இருந்துச்சு," என்றார். "போகப் போக எனக்கும் அப்படியே ஆயிடுச்சு." போனை என்னிடம் நீட்டினார். ஏற்கனவே அனுப்பிவிட்டிருந்தார். பஸ்ஸிலிருந்து ஆரம்பித்து அத்தனை நேரம் எழுதினது ஒரே வரி.

'பாப்பா அம்மா இத்தனை நாள் சொன்னது எல்லாம் நான் சொன்னதுதான்'

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். ரெண்டு பேரும் போனை நடுவில் ஒரு பலகையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தோம். பால்காரர் வந்து கதவைத் தட்டியதற்குக்கூட நான் எழுந்திருக்கவில்லை.

முதலில் விளக்கு மினுக்கியது. பிறகு போன் நடுங்கி, பலகையில் கொஞ்ச தூரம் நகர்ந்தது. அவர் எடுத்துத் திறந்தார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஹைதராபாத்திலிருந்து என் பெண் தமிழில் எழுதியிருந்தாள். ரெண்டே ரெண்டு சொல்.

'நாணும்தான் அபா'

"மூணு சுழி," என்றார். "அப்பாவுக்கு ப் கூடப் போடலை கழுதை." அவர் குரல் எத்தனை பெரிசாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.