டேப் போன பிறகு ஆடிய ஆட்டம்

முதலில் ஒரு நீளமான ஊளை வரும், அதன் பின்னால் போர்வெல் போடுகிற ரிக்கு வண்டியின் கம்ப்ரசர் பெல்ட் வழுக்கும்போது எழுகிற மாதிரி ஒரு கீச்சல், பிறகு காதுக்குள் மணலைக் கொட்டுவது போலப் பரபரவென்று நெடுநேரம் ஓர் இரைச்சல். இத்தனையும் எங்கள் டேப் ரிக்கார்டரிலிருந்து வந்து ஓய்ந்தால்தான் கறுப்பு வெள்ளை டிவியில் கோட்டைக் கதவு ஒன்று மெல்லத் தோன்றும். தெருவில் போகிறவர்கள் வாசலில் நின்று, "ஏனுங், டேப்பு கெட்டுப்போச்சுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்கோ அந்தச் சத்தத்தைக் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும்.

எண்பதுகளின் பிற்பகுதி, திருச்செங்கோடு, வைகாசி மாதம். விசாகத் தேர் பார்க்க சிங்கப்பூரிலிருந்து மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மகன் ரவி என்னைவிட ஒரு வயது மூத்தவன். முறைப்படி அவனை நான் "மச்சான்" என்று கூப்பிட வேண்டுமாம். சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாலேயே நான் அவனை எப்படியும் கூப்பிடாமல் இருந்தேன். ஆனால் அவன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு கம்ப்யூட்டரை எடுத்தபோது என் வீறாப்பெல்லாம் போய்விட்டது. அழிரப்பர் போல மெத்தென்ற பொத்தான்கள் வைத்த சின்னப் பலகைதான் அது. அதை டிவியில் ஒரு ஒயரும் டேப்பில் ஒரு ஒயருமாகச் செருகி, கேசட்டை ஓடவிட்டால் விளையாட்டு வரும். எங்கள் தெருப் பிள்ளைகள் அதுவரை கண்டது தாயமும் கிட்டிப்புள்ளும்தான்.

வறண்டுபோன ஆற்றின் ஊற்றைத் தேடி நாலு பேர் பாலைவனத்தைக் கடந்து போக வேண்டும், அதுதான் ஆட்டம். திரையில் இங்கிலீஷில் நாலு வரி வரும். நாம் ஒரு கட்டளையை அடிக்க வேண்டும். சொன்னால் சுலபமாகத் தெரிகிறது, ஆடிப் பார்த்தால் அது ஈவு இரக்கம் இல்லாத ஆட்டம். நடந்தால் தண்ணீர் குறையும், உட்கார்ந்தால் சோறு குறையும். செத்தவன் செத்தவன்தான், திரையிலிருந்து அவன் பெயர் மறைந்தால் திரும்ப வரவே வராது. அதைவிடக் கொடுமை, நாம் செய்தது எதையும் அது மறக்காது. முதல் நாள் வழியில் ஓர் ஆடு மேய்ப்பவனை அடித்து ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டோம். ரொம்ப தூரம் போன பிறகு ஒரு ஊரே எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டது. அவன் அந்த ஊர்க்காரனாம்!

நாலு பேருக்கும் நாங்கள்தான் பெயர் வைத்தோம். ஆறு எழுத்துக்கு மேல் இங்கிலீஷில் இடமில்லை. அதனால் மல்லிகாவாகிய நான் வைத்தியச்சி "மல்லிக்" ஆனேன். என் தம்பி செந்தில் வில்லாளி "செந்தி" ஆனான். மந்திரவாதி ரவி மட்டும் முழுசாக ரவி. மிச்சம் இருந்த பலசாலிக்கு என்ன பெயர் வைப்பது என்று ரவி யோசிக்கும்போதே செந்தில் கத்தினான்: "அப்பா!" அப்படியே அடித்துவிட்டோம்.

எங்கள் அப்பா ரிக்கு வண்டியில் டிரில்லர். எங்கள் ஊரில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான். மழைக்காலம் தவிர மற்ற மாதமெல்லாம் ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ யாருடைய காட்டிலாவது போர் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஊர் ஊராகத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறவர் எங்கள் வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பது வருஷத்தில் கொஞ்ச நாள்தான். எனக்கு அது அந்த வயதில் பெரிய குறை. அதனால் டிவியில் அவர் பெயரைப் பார்த்தபோது, சிரிக்காதீர்கள், அவர் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரியே இருந்தது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாகூட எட்டிப் பார்த்து, "அப்பனுக்குச் சோறு தண்ணி கொறையாமப் பாத்துக்கங்க" என்றார்.

ரவி ஆடும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு கட்டம் தாண்டியதும் ஆட்டத்தை இன்னொரு கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்வான். அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்வான். புலிக்கு முன்னால் செந்தியைத் தள்ளிவிடுவான். விஷக் கிணற்றில் "மல்லிக்"கைக் குடிக்கச் சொல்வான். நாங்கள் அலறினால், "பரவால்ல, ரீலோட் பண்ணிக்கலாம்" என்று கேசட்டைத் திருப்பிப் போடுவான். செத்துச் செத்துப் பிழைத்ததில் எங்கள் யாருக்கும் உயிரின் அருமையே தெரியாமல் போய்விட்டது. எனக்கு அவன் கொடுத்திருந்த உத்தியோகம், டிக்ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு தெரியாத வார்த்தைக்கு அர்த்தம் சொல்வது. பொத்தானைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவான்.

அவர்கள் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. சாயங்காலம் சேலத்துச் சூரமங்கலம் ஸ்டேஷன் போய் ரயிலேற வேண்டும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே ஆட்டத்தை ஓடவிட்டு, பாலைவனத்தின் கடைசிக் கட்டத்தில் நிறுத்தி வைத்துவிட்டுக் குளிக்கப் போனோம். சிங்கப்பூரில் அவன் சேக்காளிகள் யாரும் அந்தக் கட்டத்தைத் தாண்டியதில்லை, தாண்டவும் முடியாது என்று ரவி சொல்லியிருந்தான்.

திரும்பி வந்தால் டேப்பைக் காணோம்.

நாங்கள் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ரிக்கு ஆபீஸிலிருந்து லாரிக்காரர் வந்திருக்கிறார். அப்பா வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் ஏற்றிக்கொண்டு போகிறவர். "ஊட்டுல இருந்து ஏதாச்சும் குடுக்கறதுன்னா குடுங்க, உடனே கெளம்போணும்" என்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ரிக்குக்காரர் வீடுகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. கடுதாசி எழுதாமல் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அங்கே கூடாரத்தில் போட்டுக் கேட்பார்கள். அம்மா டேப்பில் இருந்த கேசட்டை, ரவி ஆட்டத்தைப் பதிந்து வைக்கிற கேசட்டை, ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். வெறும் இரைச்சல். காலிக் கேசட் என்று முடிவுகட்டி அதிலேயே பேசிப் பதிந்துவிட்டார். அங்கே இருந்த டேப் ரிப்பேர் என்று அப்பா போன தடவையே சொல்லி அனுப்பியிருந்ததால், எங்கள் டேப்பையும் துணியில் சுற்றி, அதோடு கூடப்பிறந்தது என்று நினைத்து அந்த ஒயரையும் பிடுங்கி, நல்லபடியாகக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"அய்யோ சாமி, அதுலதான் உங்க ஆட்டம் இருந்துச்சா? எனக்கென்ன கண்ணு தெரியும்!" என்று அம்மா கையைப் பிசைந்தார்.

டிவியில் ஆட்டம் அப்படியே நின்றுகொண்டிருந்தது. இனிப் பதியவும் முடியாது, செத்தால் திரும்ப வரவும் முடியாது. கரண்டு ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாலும் நாலு பேரும் போனது போனதுதான். ரவி நாற்காலியில் உட்கார்ந்தான், விரலைப் பொத்தான் வரை கொண்டுபோனான், எடுத்துவிட்டான். அத்தனை நாள் எங்களைப் புலிக்குப் போட்டவன்தான். "எனக்குப் பயமா இருக்கு. நீயே அடி" என்று எழுந்துகொண்டான். நான் டிக்ஷனரியைச் செந்திலிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

அம்மா பாவம், தன்னால் ஆனது என்று ஒரு காரியம் செய்தார். கிரைண்டரைப் போட்டால் எங்கள் வீட்டில் வோல்டேஜ் இறங்கி டிவி சுருங்கிவிடும். வழியனுப்புகிற பலகாரத்துக்கு ஊறப்போட்டிருந்த அரிசியை, புழக்கடையில் தூசி படிந்து கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவி, கையாலேயே ஆட்ட ஆரம்பித்தார்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு பாழுங்கிணறும் அதன் பக்கத்தில் ஒரு வியாபாரியும். எங்களிடம் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. வியாபாரியிடம் தோல்பை நிறைய இருந்தது. "உங்கள் பலசாலியை எனக்கு வேலையாளாக விட்டுவிட்டுப் போங்கள், ஊற்று வரைக்கும் போகத் தண்ணீர் தருகிறேன்" என்றான் அவன். டிக்ஷனரியே தேவைப்படவில்லை, எனக்கு அர்த்தம் புரிந்துவிட்டது.

"விட்டுடு" என்றான் ரவி. "சாகப்போறதில்லையே, அவன்கிட்ட உயிரோடதான் இருப்பார். நாம மூணு பேர் போய் ஜெயிச்சிடலாம். வேற வழியே கிடையாது."

"கிணத்தைத் தோண்டிப் பாத்தா?"

"ஒரு தடவை தோண்டிட்டேன். பாறைன்னு வந்துச்சு. தோண்டத் தோண்ட அவர் பலம் குறையும், செத்துப்போயிடுவார்."

அவன் சொன்னது நியாயம்தான். விட்டால் அப்பா எங்கோ, யாருக்கோ உழைத்துக்கொண்டு உயிரோடு இருப்பார். தோண்டினால் எங்கள் கண் முன்னால் செத்தாலும் சாகலாம். ஆனால் எங்கோ யாருக்கோ உழைக்கிற அப்பாதான் எங்களுக்கு ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே! ஆட்டத்திலுமா அவரை விட்டுவிட்டு வர வேண்டும்? எனக்கு ஆத்திரமாக வந்தது. தவிர, பாறை என்ற சொல்லைக் கேட்டுப் பின்வாங்குகிற வீட்டில் நான் பிறக்கவில்லை. அப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார்: "பாறை வந்துருச்சுன்னு ராடை மேல ஏத்தீட்டா அது போரா கண்ணு? குழியில இருந்து புழுதி ஈரமா வருதாங்கறதப் பாக்கோணும்."

"தோண்டு" என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை அடித்தேன். பாறை என்று வந்தது. அப்பாவின் பலம் குறைந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி பாறை. செந்தில் டிக்ஷனரியால் முகத்தை மூடிக்கொண்டான். ரவி, "போதும், போதும், வியாபாரிகிட்டப் போ" என்று கெஞ்சினான். புழக்கடையில் ஆட்டுக்கல் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. பாறை, பாறை, பாறை. பலம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. அப்போது பார்த்துப் பக்கத்துத் தெருத் தறிப்பட்டறையில் மோட்டாரைப் போட்டார்கள். திரை சுருங்கி மங்கி, ஒரு நடுங்கு நடுங்கி, நல்லவேளையாக நிமிர்ந்தது. இன்னொரு முறை அடித்தேன்.

இந்த முறை வரி மாறி வந்தது. "பாறை குளிர்ந்திருக்கிறது."

"பாத்தியா? நீ தோண்டினது ஒரே தடவை, பாறை காஞ்சு கெடந்துச்சு. இப்பக் குளுந்துருச்சு. புழுதி ஈரமாயிருச்சுடா!" என்று கத்தினேன். ரவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. செந்திலுக்கு விளங்கியது, அவன் டிரில்லர் மகன். "எறக்குக்கா, எறக்கு!" என்று குதித்தான். அடித்தேன். டிவி ஒரு கணம் வெறுமையாகி, அடியிலிருந்து வெள்ளைக் கோடுகள் குபுகுபுவென்று மேலேறித் திரை முழுக்க நிறைந்தன. தண்ணீர்! நாங்கள் தேடி அலைந்த ஊற்றே அந்தக் கிணற்றுக்கு அடியில்தான் இருந்திருக்கிறது. ஆறு திறந்துகொண்டது, கோட்டை மணி அடித்தது, கடைசியில் நாலு பெயர்களும் வரிசையாக வந்தன. அப்பா பெயர் முதலில்.

நாங்கள் போட்ட கூச்சலில் அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தார். "என்னாச்சு? அப்பனுக்கு என்னாச்சு?" என்றார். "தண்ணி வந்துருச்சும்மா!" என்றோம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார், கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு. ரவி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எங்க ஸ்கூல்ல சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான்" என்றான். "நம்பாட்டிப் போறாங்க மச்சான்" என்றேன். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் அவன் கம்ப்யூட்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலுக்குப் போனான். ஜெயித்ததற்கு எங்களிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை. என் பெருமை அதனால் இம்மியும் குறையவில்லை, மறுநாள் தெருவில் நான் நடந்த நடையைப் பார்த்து, "மல்லிகாவுக்குச் சிங்கப்பூர்ல இடம் வாங்கியாச்சா?" என்று கேட்டார்கள்.

வடக்கே மழை பிடித்ததும் அப்பா வந்தார். டேப்பும் கேசட்டும் ஒயரும் பத்திரமாகத் திரும்பின. "உங்கம்மா பேசி முடிச்சதுக்கப்பறம் கீச்சுன்னு ஒரே சத்தம் வருது, என்ன சாமி அது?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் நிறுத்தச் சொன்னார்களாம். இவர், "எங்கூட்டுப் புள்ளைங்க என்னமோ சொல்லுதுங்க, ஓடட்டும் உடு" என்று ஒவ்வொரு தடவையும் கடைசி வரை ஓடவிட்டுக் கேட்டாராம். நான் முழுக் கதையையும் சொன்னேன். வியாபாரியைச் சொன்னேன், பாறையைச் சொன்னேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் அவருக்கு இருந்தது.

"எத்தனை அடியில கண்ணு தண்ணி வந்துச்சு?"

இன்று அப்பா இல்லை. அம்மாவும் போய்விட்டார். அந்த டிவியும் டேப்பும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. கேசட்டில் பேசி அனுப்பும் வழக்கத்தைச் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். ரவியின் மகன் ஆடும் ஆட்டங்கள் அடிக்கு ஒரு தரம் தானாகவே பதிந்துகொள்கின்றனவாம். அந்தக் கேசட் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்ததைச் செந்தில் எங்கேயோ கொடுத்து என் செல்போனுக்கு மாற்றித் தந்தான். போட்டால் முதலில் அம்மா பேசுவார்: "இங்க எல்லாரும் சௌக்கியமுங்க. தேரு நல்லபடியா நெல சேந்துருச்சுங்க. புள்ளைங்க ஆடுதுங்க. பாத்து வாங்க." அப்புறம் அந்தக் கீச்சல் தொடங்கும். எந்தக் கம்ப்யூட்டராலும் இனிப் படிக்க முடியாத அந்த இரைச்சலுக்குள் நாங்கள் நாலு பேரும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம், அப்பா எல்லாருக்கும் முன்னால். வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு நிறுத்தச் சொல்வார்கள்.

"ஓடட்டும் உடு" என்பேன்.