மனோர் பார்க்கிலிருந்து எழுபத்திரண்டாம் மாடிக்கு

வியாழக்கிழமை காலமை பத்தரைக்கு நானும் மகள் மயூரியும் மனோர் பார்க் ஸ்டேசனிலை எலிசபெத் லைனுக்கு நிண்டம். போற இடம் ஷார்ட். லண்டன் பிரிட்ஜிலை ஊசி மாதிரி நிக்கிற கண்ணாடிக் கட்டடம்தான். உயரம் கிட்டத்தட்ட முந்நூற்றிப்பத்து மீற்றர். பிரிட்டனிலை அதைவிட உயரமாய் இன்னும் ஒண்டும் கட்டேல்லை. அது எழும்பத் துவங்கின காலத்திலை இருந்து நான் பஸ்ஸிலையும் ரயிலிலையும் இருந்து பாத்துக்கொண்டுதான் வாறன். ஏறினதில்லை. ஆராவது கேட்டால் நேரமில்லை எண்டு சொல்லுவன். ஏணியிலை மூண்டாம் படி தாண்டினால் எனக்குக் கால் நடுங்கும். வீட்டிலை பல்ப் மாத்திறது என்ரை மனுசி.

மயூரி இஞ்சினியர். உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடிச் சுவர் வடிவமைக்கிறதுதான் வேலை. அவளுக்கு வேலை கிடைச்ச நாள் துவக்கம் நான் கோயிலிலை காணுற ஆக்களுக்கெல்லாம் "ஷார்ட் எங்கடை பிள்ளை கட்டினது" எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அதைக் கட்டேக்கை அவள் பள்ளிக்கூடத்திலை ரெக்கோடர் குழல் ஊதிப் பழகிக்கொண்டிருந்தவள். ஒருத்தரும் வயசைக் கணக்குப் பாக்கேல்லை. கோயிலிலை பாதிப்பேர் இப்பிடித்தான் தங்கடை பிள்ளையளைப் பற்றிச் சொல்லுகினம், அதாலை ஒருத்தரை ஒருத்தர் விசாரிக்கிறேல்லை.

இப்ப அவளுக்கு ஜெட்டாவிலை வேலை வந்திருக்கு. ஒரு கிலோமீற்றருக்கு மேலை போகப்போற கட்டடம். முடிஞ்சால் உலகத்திலையே உயரமானது அதுதான். மூண்டு வருச ஒப்பந்தம். அங்கை வெள்ளியும் சனியும் லீவு எண்டபடியால் இண்டைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்குள்ளை பதில் சொல்லிப்போட வேணும்.

நான் ஒரு கண்டிசன் போட்டிருந்தனான். கலியாணத்தை முடிச்சுப்போட்டுப் போகட்டும் எண்டு. எங்கடை ஆக்களுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு பாருங்கோ. படிப்பு, வேலை, வீட்டுக்கு மோர்ட்கேஜ், கலியாணம். பிறகு சந்திரனுக்கு எண்டாலும் போகலாம். மாப்பிள்ளை எண்டு ஒருத்தன் இன்னும் இல்லை எண்டதை நான் பெரிசாய் யோசிக்கேல்லை. அவள் சண்டை பிடிச்சிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். "உங்களுக்கு விருப்பமில்லாமல் நான் போகமாட்டன் அப்பா. ஒருக்கா என்னோடை ஷார்ட்டுக்கு வாங்கோ. பாத்துப்போட்டு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" எண்டாள். அப்பிடிக் கேட்டால் என்ன செய்யிறது?

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலை இறங்கி, அந்த நீளப் பிளாட்போமிலை மற்றத் தொங்கல் முனை மட்டும் நடந்து, மூர்கேட்டிலை நோர்தர்ன் லைன் மாறவேணும். அதிலையிருந்து ரெண்டாவது ஸ்டேசன் லண்டன் பிரிட்ஜ். டிக்கெட் ஆளுக்கு முப்பது பவுணுக்குக் கிட்ட, அவள்தான் எடுத்தவள். உள்ளுக்கு விட முதல் எயார்போட் மாதிரிச் சோதனை. என்ரை பையுக்குள்ளை மனுசி கட்டித் தந்த உளுந்து வடை எட்டும் ஒரு டப்பா சம்பலும். செக்யூரிட்டிப் பெடியன் ஸ்கிரீனைப் பாத்தான், என்னைப் பாத்தான், திரும்ப ஸ்கிரீனைப் பாத்தான்.

"அப்பா, மேலை போறதுக்கு ஏன் வடை?"

"லிப்ட் நிண்டுட்டால்?"

லிப்ட் நிக்கேல்லை. நிண்டிருக்கலாம் எண்டு எனக்கு ஆசை. முப்பத்திமூண்டாம் மாடியிலை ஒண்டு மாறி, மற்றதிலை ஏறி அறுபத்தெட்டு. காது அடைச்சு, நான் ஒரு விழுங்கு விழுங்கி முடிய முதல் கதவு திறந்திட்டுது. அங்கையிருந்து ஒரு மாடி படியிலை ஏறவேணும்.

அறுபத்தொன்பதிலை நாலு பக்கமும் கண்ணாடி. சனமெல்லாம் கண்ணாடிக்குக் கிட்ட. நான் நடுச் சுவரிலை முதுகை ஒட்டிக்கொண்டு நிண்டன், பள்ளிக்கூடத்திலை வெளியிலை விட்ட பிள்ளை மாதிரி.

"நல்ல இடத்திலைதான் நிக்கிறீங்கள்" எண்டாள் மயூரி. "இதுதான் முள்ளந்தண்டு. லிப்ட், படி எல்லாம் இந்தக் கொங்கிரீட்டுக்குள்ளைதான் போகுது. காத்து அடிக்கேக்கை கட்டடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதும் இதுதான்."

"அப்ப நானும் இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

அவள் சிரிச்சாள். எனக்கும் கண்ணாடிக்கும் நடுவிலை வந்து நிண்டு கதை சொல்லத் துவங்கினாள். பதினோராயிரம் கண்ணாடியாம், எல்லாம் கொஞ்சம் சரிஞ்சு நிக்கிறதாலை வானத்தின்ரை நிறத்தைக் காட்டுமாம். ஆக மேலை இருக்கிற கூரை முதல் யோர்க்‌ஷயரிலை ஒரு பழைய விமானத் திடலிலை பூட்டிப் பாத்து, திரும்பக் கழட்டிக் கொண்டுவந்து ஏத்தினவையாம். கட்டிக்கொண்டிருக்கேக்கை ஒரு நரி எழுபத்திரண்டாம் மாடி மட்டும் ஏறி, வேலையாக்கள் மிச்சம் விட்டதைத் திண்டுகொண்டு அங்கையே இருந்ததாம்.

"தனியவோ?"

"ஓம். பிறகு பிடிச்சு, வைத்தியம் பாத்து விட்டவை."

நரியைப் பற்றி நான் இன்னும் ரெண்டு மூண்டு கேள்வி கேட்டன். ஜெட்டாவிலை சாப்பாடு எப்பிடி எண்டும் கேட்டன். ரெண்டுக்கும் நடுவிலை நான் இடைவெளி விடேல்லை எண்டு பிறகுதான் விளங்கினது.

"இந்த இடத்திலை கெதியாய்க் கட்டவேண்டியிருந்தது அப்பா. அதாலை கீழையும் மேலையும் ஒரே நேரம். பைல் எண்டுற அத்திவாரத் தூணுகளை இறக்கிப்போட்டு, நிலத்துக்குக் கீழை மண் அள்ளிக்கொண்டிருக்கேக்கையே இந்த முள்ளந்தண்டு மேலை இருபது மாடிக்கு மேலை வந்திட்டுது."

"கீழ் வேலை முடியாமலோ?"

"முடியாமல்தான்."

"ஒழுங்கு எண்டு ஒண்டு இருக்கெல்லோ பிள்ளை."

"கணக்குப் பாத்துத்தான் செய்தவை. நிக்குது தானே?"

அவள் கட்டடத்தைப் பற்றித்தான் சொன்னவள். நான் கையாலை சுவரைத் தடவிப் பாத்தன். குளிராய், ஆடாமல் இருந்தது.

மத்தியானம் பன்ரண்டே காலுக்கு எழுபத்திரண்டுக்குப் போனம். நிலத்திலையிருந்து இருநூற்றி நாப்பத்திநாலு மீற்றர். அங்கை கூரை இல்லை, காத்து நேரை முகத்திலை அடிக்குது. கண்ணாடித் துண்டுகள் மேலை போய் ஒண்டோடை ஒண்டு முட்டாமல் நிக்குது, நடுவிலை வானம். கீழை லண்டன் பிரிட்ஜ் ரயில்கள் மெதுவாய் ஊருது. தேம்ஸ் ஆறு ஆரோ கழட்டிப் போட்ட பெல்ட் மாதிரிக் கிடந்தது. இதெல்லாம் ஒரு கண்ணாலை பாத்தது. மற்றக் கண்ணை மூடி வைச்சிருந்தன்.

"எக்ஸ்கியூஸ் மீ, சார் தமிழா?" முப்பது வயசு மதிக்கத்தக்க ஒரு தம்பி, பக்கத்திலை மனைவி. சென்னைக்காரர், ஐடி வேலை, வந்து ரெண்டு மாசமாம். "ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கறீங்களா? மேல அந்தக் கூர் வரணும். நீங்க அந்தக் கண்ணாடிகிட்ட போய் குனிஞ்சு எடுத்தா கரெக்டா இருக்கும்."

தமிழன் கேட்டால் மாட்டன் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. கண்ணாடிக்குக் கிட்டப் போனன். குனிஞ்சன். என்ரை முதுகுக்குப் பின்னாலை லண்டன் முழுக்க நிண்டது. நாலு படம் எடுத்தன், நாலிலையும் அவையின்ரை தலை இல்லை. திரும்ப எடுத்தன்.

"தேங்க்ஸ் சார். அவங்க உங்க பொண்ணா? என்ன பண்றாங்க?"

"இது மாதிரிக் கட்டடத்துக்குக் கண்ணாடிச் சுவர் செய்யிற இஞ்சினியர்."

"செம சார். கல்யாணம் ஆயிடுச்சா?"

உலகத்திலை எவ்வளவு உயரத்திலை ரெண்டு தமிழரைக் கொண்டுபோய் விட்டாலும் அஞ்சு நிமிசத்திலை இந்தக் கேள்வி வந்திடும். எனக்கு மறுமொழியும் பாடம். "பாத்துக்கொண்டிருக்கிறம்" எண்டு சொல்லுறது. வாயைத் திறந்தன்.

"இல்லைத் தம்பி. அவ இப்ப ஜெட்டாவுக்குப் போறா. இதை மாதிரி மூண்டு மடங்கு உயரத்திலை ஒண்டு கட்டவேணும்."

"ஓ. அப்ப அதுக்கப்புறமா?"

"அது அவவைத்தான் கேக்கவேணும்."

மயூரி எனக்குப் பக்கத்திலை நிண்டவள். தலைமயிர் காத்திலை முகத்தை மூடியிருந்தது. அவள் அதை ஒதுக்கேல்லை.

"அப்பா, என்ன சொன்னீங்கள்?"

"உனக்குத்தான் சொன்னனான். அவருக்கும் கேட்டிட்டுது."

அவள் என்ரை கையைப் பிடிச்சாள். நான் அப்பவும் கண்ணாடிக்குக் கிட்டத்தான் நிண்டனான், அதை அவள்தான் முதல் கவனிச்சு என்னை உள்ளுக்கு இழுத்தவள். வடையிலை ரெண்டு சென்னைத் தம்பதிக்குப் போனது.

நாலு மணிக்கு வீட்டை வந்து சேர்ந்திட்டம். மயூரி நேரை மேலை தன்ரை அறைக்குப் போய்ப் பதில் போட லப்டொப்பைத் திறந்தாள். மனுசி அஞ்சரைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்தவ. என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு ஒண்டுதான் கேட்டவ.

"எப்பவாம்?"

"செப்டெம்பர்."

கோட்டைக் கழட்டாமல் சோபாவிலை இருந்தா. நானும் பக்கத்திலை இருந்தன். ஷார்ட்டிலை எழுபத்திரண்டு மாடி ஏறி இறங்கியும் மேல்மாடியிலை ஆர் நடக்கினம் எண்டு எனக்கு ஒரு சத்தமும் கேக்கேல்லை. மனோர் பார்க் வீடுகள் அப்பிடியில்லை. பழைய பலகை நிலம், மேலை ஒரு ஆள் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடந்தாலும் கீழை கேக்கும். முந்தி அதுக்கு நான் சத்தம் போடுறனான், டீவி கேக்கேலாமல் கிடக்கெண்டு. இண்டைக்கு மனுசி எட்டி டீவியை நிப்பாட்டினா. மேலை மயூரி நடந்துகொண்டிருந்தாள். நாங்கள் இருந்து கேட்டம்.